சென்னைய விடுங்க, நேரா திருச்சியிலயே இறங்குங்க: முதல் தடவை வர்றவங்களுக்கு

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்னு இருந்துக்கிட்டு ஊரு தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், காரைக்குடி பக்கம்னு இருக்கறவங்க நிறைய பேரு இன்னும் கண்ண மூடிக்கிட்டு சென்னைக்குத்தான் டிக்கெட் போடுறாங்க. ஏன்னு கேட்டா அதான் சீப்புங்கறாங்க. டிக்கெட் ரேட்ட மட்டும் பாத்தா பல நாள் அது உண்மைதான், இல்லேங்கல. ஆனா மீனம்பாக்கத்துல இறங்கினதும் வேலை முடிஞ்சிடுதா என்ன, அங்கேருந்து திருச்சிக்கே இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல கெடக்கு. அந்தத் தூரத்துக்கு ஆகுற காசும் தூக்கமும் யாரு கணக்குலயும் வர்றதில்ல.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லாதவங்களுக்கும், அப்பா அம்மாவுக்கு இங்கேருந்து டிக்கெட் போட்டுக் குடுக்கப் போற புள்ளைங்களுக்கும்தான் இத எழுதுறேன். கோயம்புத்தூர், மதுரைக்கும் இதுல பாதி பொருந்தும்.

மொதல்ல வீட்டு வாசல் வரைக்கும் கணக்கு போடுங்க

ஒரு பேப்பர எடுத்து ரெண்டு பக்கமும் எழுதுங்க. சென்னைப் பக்கத்துல டிக்கெட் ரேட்டுக்குக் கீழ, அங்கேருந்து ஊருக்கு எப்படிப் போவீங்கன்னு எழுதணும். காருன்னா ஊர்லேருந்து வண்டி கூப்பிட வரும், அப்போ போக வர ரெண்டு பக்கத்துக்கும் வாடகை, டிரைவர் பேட்டா, அப்புறம் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்னு வரிசையா டோல்கேட், நடுவுல சாப்பாடு. ஆறு மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமை சாயங்காலமோ பண்டிகைக்கு முந்துன நாளோ தாம்பரம் தாண்டுறதுக்குள்ளயே உசுரு போயிடும்.

ரயில்ல போயிக்கலாம்னு நெனைக்கிறவங்க ஒண்ண மறந்துடுறாங்க. ப்ளைட் டிக்கெட்ட ஆறு மாசத்துக்கு முன்னாடியே போட்டு வச்சிடலாம், ரயில் ரிசர்வேஷன் 2024 நவம்பர்லேருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. பொங்கல், தீபாவளின்னா திறந்த கொஞ்ச நேரத்துல மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டும், கையில ப்ளைட் டிக்கெட் இருக்கும் ஊருக்குப் போக வழி இருக்காது. அதோட ப்ளைட் லேட்டானா ரயில் காத்திருக்காது. பஸ்ஸுன்னா கிளாம்பாக்கம் போகணும், ஏர்போர்ட்லேருந்து அதே ஜிஎஸ்டி ரோட்லதான், ஆனா ரெண்டு பெட்டி ஒரு அட்டைப்பெட்டியோட போறது வேற கதை.

சென்னையிலேருந்து திருச்சிக்கு உள்நாட்டு ப்ளைட் புடிச்சா ஒரு மணி நேரம்தான். ஆனா தனி டிக்கெட்டா போட்டீங்கன்னா உள்நாட்டுல செக்இன் லக்கேஜ் பொதுவா 15 கிலோதான், நீங்க வெளிநாட்டுலேருந்து 30 கிலோ கொண்டாந்திருப்பீங்க, மிச்சத்துக்குக் கிலோவுக்கு இவ்ளோன்னு கட்டணும். இந்த இடத்துல நெறைய பேரு மாட்டிக்கிறாங்க.

இப்போ திருச்சிப் பக்கத்த எழுதுங்க. ஏர்போர்ட் இருக்கறதே புதுக்கோட்டை ரோட்டுல. ஜங்ஷன்லேருந்து அஞ்சாறு கிலோமீட்டர்தான். புதுக்கோட்டைக்காரங்களுக்கு டவுனுக்குள்ளயே போக வேண்டியதில்ல, இடது வலது பாத்துத் திரும்பினா ஊரு ரோடு, 50 கிலோமீட்டர் கூட இல்ல. தஞ்சாவூர் சுமார் 60, காரைக்குடி 90க்குள்ள, கும்பகோணம் 100 கிட்ட. ராத்திரி பத்து மணிக்கு இறங்கினா கூட பன்னெண்டு ஒரு மணிக்கெல்லாம் வீட்டுல தோசை சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம்.

ரெண்டு பக்கமும் கூட்டிப் பாத்தா குடும்பமா நாலு பேரு வர்றவங்களுக்கு டிக்கெட் வித்தியாசம் பெரும்பாலும் கரைஞ்சே போயிடும். தனியா ஒரு தோள் பையோட வர்ற பசங்களுக்குச் சென்னை இன்னும் லாபமா இருக்கலாம், அது அவங்க முதுகு, அவங்க இஷ்டம்.

எங்கேருந்து எது வருது

சிங்கப்பூர்லேருந்து ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ. கோலாலம்பூர்லேருந்து ஏர்ஏசியா, பாத்திக் ஏர் (பழைய ஆளுங்க இன்னும் மலிண்டோன்னுதான் சொல்லுவாங்க). கொழும்புலேருந்து ஸ்ரீலங்கன். யாழ்ப்பாணத்துலேருந்து இண்டிகோ 2025 மார்ச்ல சின்ன விமானம் விட ஆரம்பிச்சாங்க. வளைகுடா பக்கம்னா பெரும்பாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான். சீசனுக்குச் சீசன் அட்டவணை மாறும், சில ரூட்டு திடீர்னு நிக்கும், அதனால டிக்கெட் போடுறப்போ கம்பெனி சைட்டுல ஒருவாட்டி நேராவே பாத்துடுங்க.

எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் எல்லாம் ஏன் திருச்சிக்கு வர்றதில்லன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. ரெண்டு காரணம். எந்த நாட்டு கம்பெனி இந்தியாவுல எந்தெந்த ஊர்ல இறங்கலாம்ங்கறது ரெண்டு அரசாங்கமும் போட்டுக்கிற ஒப்பந்தத்துல இருக்கு, வளைகுடா கம்பெனிகளுக்கான பட்டியல்ல திருச்சி இல்ல. இத சேக்கணும்னு இங்க உள்ளவங்க வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னொண்ணு ரன்வே. சுமார் 8,100 அடி நீளம்தான், ஏ320, போயிங் 737 மாதிரி நடுவுல ஒரே ஒரு நடைபாதை இருக்கற விமானங்களுக்கு அது போதும், லண்டன் மாதிரி ரொம்ப தூரம் போற பெரிய ரெட்டை நடைபாதை விமானத்துக்குப் பத்தாது. நீட்டணும்னு பேச்சு ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கு, நிலம் எடுக்கறதுல இழுத்துக்கிட்டே போகுது. அதனால ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியாவுலேருந்து வர்றவங்க எங்கயாவது ஒரு எடத்துல மாறித்தான் ஆகணும்.

மாறி வர்றவங்க இத மட்டும் நல்லா படிங்க

லண்டன்காரங்களுக்குக் கொழும்பு வழி நல்ல வழி, ஸ்ரீலங்கன்ல ஒரே டிக்கெட்டா லண்டன்லேருந்து திருச்சி வரைக்கும் போடலாம், பெட்டிய லண்டன்ல குடுத்தா திருச்சி பெல்ட்டுல எடுத்துக்கலாம். கொழும்புலேருந்து இங்க வர்றது ஒரு மணி நேரந்தான், சீட் பெல்ட் கழட்டுறதுக்குள்ள மறுபடி போடச் சொல்லுவாங்க. ஆஸ்திரேலியாக்காரங்களுக்குச் சிங்கப்பூர், ஸ்கூட்லயே ரெண்டு பயணத்தையும் ஒரே புக்கிங்ல போட்டா தலைவலி இல்ல.

தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டு காசு மிச்சம் புடிக்கறவங்க கவனம். மொத ப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா ரெண்டாவது கம்பெனிக்கு உங்க கஷ்டம் தெரியாது, டிக்கெட் போச்சு. கோலாலம்பூர்ல இன்னொரு சிக்கல், ஏர்ஏசியா டெர்மினல் 2, பாத்திக் ஏர் டெர்மினல் 1, ரெண்டுக்கும் நடுவுல ரயில்ல போகணும், பெட்டிய எடுத்து மறுபடி செக்இன் பண்ணணும்னா மலேசியாவுக்குள்ள நுழைஞ்சாத்தான் முடியும், அப்போ உங்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேணுமான்னு பாத்துக்கணும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் இடைவெளி விடுங்க. மூணு மணி நேரத்துல முடிச்சவங்க இருக்காங்க, ஓடிக்கிட்டே முடிச்சவங்க.

டெல்லி, மும்பை வழியா உள்நாட்டு ப்ளைட்டுல திருச்சி வந்தா இமிக்ரேஷன் மொத இறங்குற ஊர்லயே முடியும், பெட்டியையும் பெரும்பாலும் அங்கயே எடுத்து கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி போடணும். அப்படி வந்தா சின்ன ஏர்போர்ட்டோட பெரிய லாபமே உங்களுக்குக் கெடைக்காது. மொத முத வர்ற வயசானவங்கள அந்த வழியில அனுப்பாதீங்க.

லக்கேஜ்

பட்ஜெட் ப்ளைட்டுல காட்டுற ரேட்டு ஆளுக்கு மட்டும். ஸ்கூட்ல கைப்பை 10 கிலோ, ஏர்ஏசியாவுல 7 கிலோ, செக்இன் வேணும்னா டிக்கெட் போடுறப்பவே வாங்கிடுங்க, கவுண்டர்ல போயி வாங்கினா ரேட்டு வேற. பவர்பேங்க் கைப்பையிலதான் வரணும், பெட்டிக்குள்ள போட்டா எடுத்து வெளிய வச்சிடுவாங்க.

திருச்சி ப்ளைட்டோட பெல்ட்டுகிட்ட நின்னு பாத்தா புரியும், பாதிக்குப் பாதி அட்டைப்பெட்டி. மைலோ, கோடாலித் தைலம், சாக்லேட், சோப்பு, போர்வை எல்லாம் அடுக்கி, நைலான் கயித்தால நாலா பக்கமும் இறுக்கி, மேல கருப்பு மார்க்கர்ல பேரு, ஊரு, போன் நம்பர். இத கிண்டல் பண்ணாதீங்க, அந்த மார்க்கர் எழுத்து ரொம்ப உபயோகம், ஏன்னா ஒரே கடையில வாங்குன ஒரே மாதிரி பெட்டி பத்து சுத்தி வரும். உங்க சூட்கேஸ்லயும் ஒரு சிவப்புத் துணி கட்டி விடுங்க. பெட்டிக்குள்ளயும் ஒரு தாள்ல பேரு, அட்ரஸ் எழுதி வைங்க, வெளிய ஒட்டுன டேக் கிழிஞ்சாலும் கண்டுபுடிக்கலாம்.

பேப்பர் வேலைய ஊருலேருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே முடிங்க

இந்திய பாஸ்போர்ட்னா பெருசா ஒண்ணுமில்ல. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்து இ-விசாவுல வர்றவங்க, இ-விசாவுக்கு எல்லா ஏர்போர்ட்லயும் நுழைய முடியாது, குறிப்பிட்ட ஏர்போர்ட்டுல மட்டுந்தான், அந்தப் பட்டியல்ல திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் மூணுமே இருக்கு, பயப்படாதீங்க. 2025 அக்டோபர் 1லேருந்து வெளிநாட்டுக்காரங்க வருகை அட்டைய ஆன்லைன்லயே நிரப்பணும், வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள, காசு கிடையாது. காசு கேக்குற சைட்டு எதுவும் அரசாங்க சைட்டு இல்ல, மூடிட்டு வாங்க.

அடிக்கடி வர்றவங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன்னு ஒரு திட்டம் 2024ல டெல்லியில ஆரம்பிச்சாங்க, 2025 செப்டம்பர்ல திருச்சிக்கும் வந்துடுச்சு. இந்தியர்களும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற அட்டை) வச்சிருக்கவங்களும் உள்துறை அமைச்சக சைட்டுல இலவசமா பதிவு பண்ணிக்கலாம், கைரேகை ஒருவாட்டி குடுக்கணும். அப்புறம் அதுக்குன்னு இருக்குற கேட்டுல பாஸ்போர்ட்ட காட்டி, முகத்த காட்டிட்டுப் போயிடலாம். அஞ்சு வருஷம் வரைக்கும் செல்லும், அதுக்குள்ள பாஸ்போர்ட் காலாவதியாச்சுன்னா அதோட சரி.

கஸ்டம்ஸ் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா திருச்சின்னாலே பேப்பர்ல அடிக்கடி வர்றது தங்கம் புடிபட்ட நியூஸ்தான். அதனால இங்க கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுதான் பாப்பாங்க. ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல தங்கியிருந்துட்டு வர்றவங்க நகையா கொண்டாரலாம், பொம்பளைங்க 40 கிராம், ஆம்பளைங்க 20 கிராம் வரைக்கும் வரி இல்ல. நகையா இருக்கணும், பிஸ்கட், காசெல்லாம் இதுல சேராது. ஒரு மாசம் டூர் போயிட்டு வர்ற அம்மாவுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவங்க இங்கேருந்து போட்டுக்கிட்டுப் போன நகைன்னா போறப்பவே கஸ்டம்ஸ்ல காட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கலாம், கனமா போட்டுக்கிட்டுப் போறவங்க கட்டாயம் வாங்கிடுங்க. மத்த சாமானுக்கான வரம்பு அப்பப்போ மாறுது, கெளம்புற வாரத்துல கஸ்டம்ஸ் சைட்ட பாத்துக்குங்க. டிவி மட்டும் 2013 ஆகஸ்ட்லேருந்தே இலவசம் இல்ல, எந்த சைஸா இருந்தாலும் வரி உண்டு. இப்ப இங்கயே நல்ல டிவி கெடைக்குது, எதுக்கு அத தூக்கிக்கிட்டு வரணும்னு எனக்கு இன்னும் புரியல.

இதவிட முக்கியம் ஒண்ணு. செக்இன் வரிசையில நிக்கிறப்போ யாராச்சும் தன்மையா வந்து பேசுவாங்க. "தம்பி எந்த ஊரு? மன்னார்குடியா? அட, நம்ம பக்கந்தான். இந்தச் சின்ன கவர மட்டும் வச்சிக்கிறியாப்பா, எனக்கு வெயிட்டு கூடிப்போச்சு, வெளிய என் மச்சான் வந்து வாங்கிப்பான்." வாங்கவே வாங்காதீங்க. உள்ள மருந்து மாத்திரைன்னு சொன்னாலும் சரி, மிக்ஸி ஜார்னு சொன்னாலும் சரி. குருவி வேலைக்கு, அதாவது கடத்தல் சாமான தூக்கிக்கிட்டு வர்றதுக்கு, இப்படித்தான் ஆள் புடிப்பாங்க, மாட்டுனா கவர் யாரு கையில இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும். "எனக்கும் வெயிட் ஃபுல்லுண்ணே"ன்னு சொல்லிட்டு நகந்துடுங்க. அப்பா அம்மா வந்தா அவங்களுக்கு இத ரெண்டு தடவ சொல்லி அனுப்புங்க, ஊர்க்காரன்னு சொன்னா அவங்களுக்கு மறுக்க வராது.

இறங்கினதும் என்ன நடக்கும்

பழைய டெர்மினல்ல வந்தவங்க அந்த நெரிசல மனசுல வச்சிருப்பீங்க. 2024 ஜனவரி 2ல பிரதமர் திறந்து வச்ச புது டெர்மினல் அந்த வருஷம் ஜூன் 11லேருந்து ஓடுது, வருஷத்துக்கு 44 லட்சம் பேருக்கு மேல தாங்குற அளவுக்குக் கட்டுனது, ஸ்ரீரங்கம் கோபுரத்தோட சாயல், கோல டிசைன்னு பாக்கவும் நல்லா இருக்கு. ஆனாலும் இது சின்ன ஏர்போர்ட்தான், அதுல இருக்கற வசதி என்னன்னா வழி தொலையாது. இறங்குனா முன்னாடி போறவங்க பின்னாடியே நடங்க, இமிக்ரேஷன் வரும், அதத் தாண்டுனா பெல்ட்டு, அதத் தாண்டுனா கஸ்டம்ஸ், அதுக்கப்புறம் வாசல். நடுவுல ரயிலோ பஸ்ஸோ ஏற வேண்டியதில்ல. இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு இதுதான் பெரிய நிம்மதி, யாரக் கேட்டாலும் தமிழ்ல பதில் வரும். முட்டி வலி இருந்தா டிக்கெட் போடுறப்பவே வீல்சேர் கேட்டுடுங்க, வெக்கப்படாதீங்க.

ஒரே ஒரு விஷயம், ரெண்டு மூணு ப்ளைட் அடுத்தடுத்து இறங்கிடுச்சுன்னா வரிசை நீண்டுடும், ராத்திரியில இது அடிக்கடி நடக்கும். அதனால விமானத்துல முன்பக்கம் சீட் கெடைச்சா எடுத்துக்குங்க, கதவு திறந்ததும் பாத்ரூம் போறேன்னு நிக்காம நேரா இமிக்ரேஷனுக்குப் போங்க, பாத்ரூம் பெல்ட்டுகிட்டயும் இருக்கு, பெட்டி வர்றதுக்கு எப்படியும் நேரமாகும். இந்தியாவுல எங்க தங்கப் போறீங்கங்கற அட்ரஸும் ஒரு போன் நம்பரும் தாள்ல எழுதி கையில வச்சிருங்க, போன்ல இருக்குன்னு சொல்லுவீங்க, சரியா அப்போதான் சார்ஜ் இருக்காது. ட்ராலிய நீங்களே தள்ளுங்க, யாராச்சும் உதவி பண்ண வந்தா அப்புறம் சிங்கப்பூர் வெள்ளி இருக்கான்னு காசு கேப்பாங்க.

வெளிய வந்து ஊருக்குப் போறது

வாசல்ல ஒரு ஆளுக்கு எட்டு பேரு வந்து நிப்பாங்க, வேன் புடிச்சு வந்திருப்பாங்க, கைக்குழந்தை வரைக்கும் இருக்கும். உங்கள கூப்பிட வர்றவங்ககிட்ட ப்ளைட் நம்பர குடுத்து, ப்ளைட் இறங்குன பிறகு வீட்டுலேருந்து கெளம்பச் சொல்லுங்க, புதுக்கோட்டைக்காரங்களுக்கு அது சரியா இருக்கும். முன்னாடியே வந்தா பார்க்கிங் காசு ஓடும்.

வண்டி வரலேன்னா ஓலா, ஊபர் டவுனுக்குள்ள கெடைக்கும், வெளியூருக்குப் பகல்லயே லோக்கல் கால் டாக்ஸிக்குப் போன் பண்ணி ரேட்டு பேசி வச்சிடுங்க, நடுராத்திரி பெட்டியோட நின்னுக்கிட்டு பேரம் பேசுனா யாரு ஜெயிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். பஸ்ஸுன்னா புதுக்கோட்டை ரோட்டுல டவுன் பஸ்ஸும் புதுக்கோட்டை பஸ்ஸும் போகும், ஆனா புது டெர்மினல்லேருந்து மெயின் ரோட்டுக்குச் சாமானோட நடக்கறது கஷ்டம், ஆட்டோ எடுத்துக்குங்க. இன்னொண்ணு, 2025 ஜூலையிலேருந்து பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டு ஓடுது, வெளியூர் பஸ் நெறைய அங்க மாறிடுச்சு. பழைய ஞாபகத்துல சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்கன்னு சொல்லாம, உங்க ஊரு பஸ் இப்போ எங்கேருந்து கெளம்புதுன்னு டிரைவர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க.

திரும்பிப் போறப்போ

மூணு மணி நேரம் முன்னாடி போனா போதும், சென்னை மாதிரி ட்ராபிக்குக்குன்னு தனியா ரெண்டு மணி நேரம் சேக்க வேண்டியதில்ல. டிக்கெட், பாஸ்போர்ட் இருக்கறவங்கள மட்டுந்தான் உள்ள விடுவாங்க, அதனால அழுகையெல்லாம் வாசல்லயே முடிச்சிடணும். ஊறுகாய், பொடி, முறுக்கு எல்லாம் செக்இன் பெட்டியில, ஊறுகாய கைப்பையில வச்சா செக்யூரிட்டியில புடுங்கி வச்சிடுவாங்க. சிங்கப்பூர், மலேசியா போற அப்பா அம்மாவுக்கு அந்தந்த நாட்டு வருகை அட்டைய கெளம்பறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள நீங்களே ஆன்லைன்ல நிரப்பி, பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுங்க.

யாருக்கு திருச்சி சரிப்படாது

விழுப்புரம், திண்டிவனம், வேலூர் பக்கம்னா சென்னையேதான். விருதுநகர், சிவகாசி, ராமநாதபுரம்னா மதுரைய பாருங்க, ஈரோடு, திருப்பூர்னா கோயம்புத்தூர். அடுத்த நாளே ஆபீஸ்ல இருக்கணும், ஒரு நாள் தவறுனா வேலை போயிடும்ங்கற நிலையில இருக்கறவங்களும் யோசிங்க, ஏன்னா சின்ன ஏர்போர்ட்டோட பலவீனம் இதுதான், ஒரு ப்ளைட் கேன்சல் ஆனா சென்னையில மூணு மணி நேரத்துல இன்னொண்ணு கெடைக்கும், இங்க அடுத்த நாள்தான் கெடைக்கும். மழை, பனியில இறங்க முடியாம சென்னைக்கோ பெங்களூருக்கோ திருப்பி விடுறதும் எப்பவாச்சும் நடக்கும். அப்படி ஆச்சுன்னா விமானத்தவிட்டு இறங்கி தனியா கார் புடிச்சுப் போயிடாதீங்க, பெரும்பாலும் வானம் தெளிஞ்சதும் அதே விமானம் மறுபடி திருச்சிக்குக் கெளம்பும், உங்க பெட்டியும் அதுலதான் இருக்கும்.